தேவலைங்கய்யா

வைத்தியன் நோயாளியிடம் முதலில் கேட்பது, "இப்ப எப்படி இருக்கு?" என்பதுதான். அந்த அம்மாள் பதினோரு வருடங்களில் ஒருமுறைகூட இதற்கு வேறு பதில் சொன்னதில்லை. "தேவலைங்கய்யா" என்பார். வலி குறைந்திருந்தாலும் அதுதான், கூடியிருந்தாலும் அதுதான். அவர் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. விருதுநகரில் நான் வைத்தியசாலை வைத்திருந்தபோது அவரை ஊர்ப் பெயரால் "ஆமத்தூர்" என்றுதான் சொல்வோம். அப்படியே எழுதுகிறேன்.

நான் ஆயுர்வேதம் படித்துப் பட்டம் பெற்றவன். உடற்கூறும் படித்திருக்கிறேன். கண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொரு படலத்தின் பெயரும் எனக்கு இரண்டு மொழிகளில் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் யாரும் எனக்காகப் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

ஆமத்தூர் அம்மாள் முதலில் வந்தது தோள்பட்டை வலிக்கு. சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில் வேலை. வெடிக் கட்டுகளுக்கு ஒட்டும் லேபிள், காலண்டர் எல்லாம் அங்கே அச்சாகும். மிஷினிலிருந்து வரும் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, நிறம் விலகியது, மை தெறித்தது, மடங்கியது எல்லாவற்றையும் பிரித்தெடுப்பது அவர் வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டு வலது கையால் தாள் தள்ளித் தள்ளித் தோள் இறுகிப் போயிருந்தது. மூலிகை இலைகளை வதக்கித் துணியில் கட்டிய இலைக்கிழியால் ஒற்றடம் கொடுக்கச் சொன்னேன்.

ஒற்றடம் கொடுப்பவள் பேச்சியம்மாள், என்னிடம் பல வருடம் வேலை பார்த்தவள். வாயும் பெரிது, கையும் பெரிது. அன்று கிழியைச் சட்டியில் அதிகமாகச் சூடாக்கிவிட்டாள். தோளில் வைத்துக்கொண்டே, "சூடு பத்துதா, ஆமத்தூரு?" என்று கேட்டாள்.

"தேவலைக்கா."

மறுநாள் அந்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம். பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி, தோலு வெந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க குனிஞ்சு குனிஞ்சு எம்புட்டு நேரமாச் செய்யிறீக. அதப் போயி எப்படிக்கா குத்தம் சொல்ல?"

நான் சிரித்தேன். எவ்வளவு நல்ல பெண்மணி என்று நினைத்தேன். அந்தக் கொப்புளத்துக்குக் களிம்பு போட்டதோடு சரி. அதிலிருந்து ஒரு வைத்தியன் கற்றுக்கொள்ள வேண்டியதை நான் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொரு முறை, காத்திருந்தவர்களுக்குப் பேச்சியம்மாள் காப்பி போட்டாள். இரண்டு பேர் வாயில் வைத்ததும் வாசலுக்கு ஓடித் துப்பினார்கள். சீனி டப்பாவில் உப்பு இருந்திருக்கிறது. ஆமத்தூர் அம்மாள் மட்டும் டம்ளரைக் காலி செய்து கவிழ்த்து வைத்திருந்தார்.

"அடியே, அது உப்புடி! என்னத்தக் குடிச்ச?"

"நல்லா சூடா இருந்துச்சுக்கா" என்றார்.

வைத்தியசாலையே சிரித்தது. அவரும் சிரித்தார். அதற்குப் பின் எங்கள் பேச்சில் யாராவது அநியாயமாகப் பொறுத்துக்கொண்டால் "சூடா இருந்துச்சாக்கும்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அவர் கறாராக இருந்தது காகிதத்திடம் மட்டும்தான். அவருடைய கம்பெனியில் கண்காணிப்பாளராக இருந்த ஒருவர் என்னிடம் மூட்டு வலிக்கு வந்துகொண்டிருந்தார். "அந்தம்மா கையில மாட்டுனா தப்பிக்கவே முடியாதுய்யா. லேபிள்ல இருக்க மயில் கழுத்துல நீலம் மயிரிழை வெலகியிருக்கும், நமக்குத் தெரியாது, தூக்கி எறிஞ்சிரும்" என்றார். நான் இதை அம்மாளிடம் சொன்னபோது வெட்கப்பட்டார்.

"மனுசங்கன்னா சங்கடப்படுவாக. பேப்பருக்கு என்னங்கய்யா?"

என் மருந்துச் சீட்டில் "வைத்தியசாலை" என்பதில் ஒரு புள்ளி விழாமல் "வைததியசாலை" என்று அச்சாகி, நான்கு வருடமாக ஊரெல்லாம் போயிருக்கிறது. அவர் அதை முதல் நாளே பார்த்திருக்கிறார். பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு, "அய்யாகிட்ட சொல்லிராதீக, வருத்தப்படுவாக" என்றாராம்.

ஒரு புரட்டாசி மாதம். தீபாவளி சீசன், லேபிள் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். காலையில் வேலைக்கு நின்ற அம்மாள், கால் மணி நேரத்தில் ஒரு பெரிய அடுக்கு முழுவதையும் கழிவு என்று ஒதுக்கிவிட்டார். கண்காணிப்பாளர் ஓடி வந்து ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் சுத்தமாக இருந்தன.

"என்னம்மா கோளாறு இதுல?"

"எல்லாத்துலயும் மசி தெறிச்சிருக்கே. இந்தா, மேல இருந்து நூலு மாதிரி இறங்குது பாருங்க."

மிஷின்காரர்கள் சிரித்தார்களாம். அவர் வேறு தாள் எடுத்தார், அதிலும் நூல். சுவரைப் பார்த்தார், சுவரிலும் நூல். மதியத்துக்குள் வலது கண்ணில் அந்த நூல்கள் கலைந்து, செங்கறுப்புப் புகையாகப் படர்ந்து, எல்லாவற்றையும் மூடிவிட்டன. மசி தெறித்திருந்தது காகிதத்தில் அல்ல, அவர் கண்ணுக்குள். நெடுநாள் சர்க்கரை நோயில் விழித்திரை மேல் முளைத்த நொய்ந்த ரத்தக்குழாய் ஒன்று உடைந்திருந்தது.

மகள் செல்வி மறுநாளே மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். செல்வி விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், விவரமான பெண். இரண்டு கண்ணிலும் ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, இரண்டுக்கும் லேசர் வைக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது, ஒரு வாரத்தில் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடு அம்மாளும் மகளும் என்னிடம் வந்தார்கள். வைத்தியம் கேட்டு வரவில்லை. சொல்லிவிட்டுப் போக வந்தார்கள். இத்தனை வருடம் பார்த்த வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு இடம் போவது மரியாதை இல்லை என்று அம்மாள் பிடிவாதம் பிடித்திருக்கிறார்.

நான் சீட்டைப் படித்தேன். எழுதியிருந்தது அத்தனையும் சரி என்று எனக்குத் தெரியும். அப்போதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "போறதுன்னா தாராளமாப் போங்கம்மா. ஆனா அங்க போயி எல்லாம் செஞ்சுட்டு, பெறகு இங்க வந்து என்னக் கேக்கக் கூடாது. ரெண்டையும் கலக்குனா நான் பொறுப்பில்ல" என்றேன்.

குரலில் கொஞ்சம் வருத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன். அந்த வருத்தம் யாரிடம் எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியாதா?

அம்மாள் மகள் பக்கம் திரும்பினார். "அய்யாகிட்டயே பாப்போம்டி."

"அம்மா, அங்க ஒரு வாரத்துலன்னு எழுதியிருக்காக..."

"அய்யாவுக்குத் தெரியாததா?"

ரத்தக் கசிவு நோயான ரத்தபித்தத்துக்கு நூல்களில் சொன்ன முறைப்படி ஆரம்பித்தேன். ஆடாதோடைக் கஷாயம், மிதமான பேதி, நெற்றியில் மோரைத் தாரையாக விடுவது, இமை மேல் பற்று. பிறகு உளுந்து மாவைப் பிசைந்து கண்ணைச் சுற்றி வரம்பு கட்டி, இளஞ்சூட்டில் திரிபலா நெய்யை நிரப்பிக் கண்ணைத் திறந்து மூடச் சொல்லும், தர்ப்பணம் என்ற கண் சிகிச்சை. சர்க்கரைக்கு அவர் சாப்பிட்டுவந்த மாத்திரையை நிறுத்தவில்லை. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று கட்டளை. இந்த மருந்துகளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. என் கையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஐந்தாவது வாரம், நெய்யை வழித்துத் துடைத்துவிட்ட பிறகு, அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அய்யா, பெரிய முள்ளு பத்துல நிக்குதா?" என்றார். இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். எழுத்துப் பலகையைக் காட்டினேன். ஆறாவது வரி வரை படித்தார். பேச்சியம்மாள் குலவை போட்டாள். செல்வி என் காலில் விழ வந்தாள்.

கண்ணுக்குள் கசிந்த ரத்தம், தலையை உயர்த்திப் படுத்திருந்தால் பல பேருக்குத் தானாகவே அடியில் படிந்து, மெல்லக் கரைந்துவிடும். ஆனால் உடைந்த குழாய் அங்கேயே இருக்கும், மறுபடி உடையும். அதற்குத்தான் லேசர். இதையும் நான் படித்திருந்தேன். அன்று அது நினைவுக்கு வந்தது. வரவேண்டாம் என்று தள்ளினேன். நாற்பது வருட வைத்தியத்தில் எனக்கு அப்படி ஒரு கண் கிடைத்ததில்லை.

அவர் காலண்டர் சீசனுக்கு வேலைக்குத் திரும்பினார். நான் அவரைப் பற்றிப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். தை மாதம் மாவட்டத்து வைத்தியர்களைக் கூட்டி, விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டேன். அங்கே அவரை மேடையேற்றி, இடது கண்ணைக் கட்டிவிட்டு, வலது கண்ணால் படிக்க வைப்பதாக ஏற்பாடு. ஒரு வாரம் முன்பே அழைப்பிதழைக் கொடுத்து, "இதத்தான் படிக்கச் சொல்லுவேன், பதறாதீக" என்று சொல்லியிருந்தேன்.

அந்த அழைப்பிதழில் ஒரு பிழை. "வரவேற்புரை" என்று இருக்க வேண்டிய இடத்தில் "வரவேற்பறை" என்று அச்சாகியிருந்தது. பிழை திருத்திக் கொடுத்தவன் நான்தான். காலையிலிருந்து மண்டபத்தில் அதுதான் கேலி. "என்னய்யா, வரவேற்பறைய யாரு நிகழ்த்தப் போறாக? கதவு ஜன்னல் உண்டுமா?" என்று சாத்தூர் வைத்தியர் ஒருவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாள் மேடைக்கு வந்தார். செல்வி கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டாள். புது இடம், கூச்சம் என்று நினைத்தேன். இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டினேன். அழைப்பிதழைக் கையில் கொடுத்தேன். முகத்துக்கு நேராகச் சரியான தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் படித்தார். அன்புடையீர் என்று தொடங்கி, இடம், நேரம், கடவுள் வாழ்த்து, பிறகு தெளிவாக, "வரவேற்புரை" என்றார்.

ஒரு புள்ளி விழாததை நான்கு வருடம் மனத்தில் வைத்திருந்தவர். நிறம் மயிரிழை விலகினால் தாளைத் தூக்கி எறிகிறவர். கண் தெரிந்திருந்தால் அந்தச் சொல்லில் அவர் இடறாமல் போயிருக்க முடியாது. அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. அவர் படிக்கவில்லை, ஒப்பிக்கிறார். கண் மறுபடி மூடிவிட்டது.

நான் அவர் பக்கம் திரும்பி நின்றேன். மண்டபத்தில் கை தட்டினார்கள். நானும் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன்.

எல்லாம் முடிந்து வாசலில் வைத்துக் கேட்டேன். "நல்லாத் தெரிஞ்சுதாம்மா?"

சற்றுப் பொறுத்து, "தேவலைங்கய்யா" என்றார்.

அதற்குப் பின் இரண்டு மாதம் அவர் வந்தார். காலண்டர் வேலை முடிந்ததால் கம்பெனியில் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்றார். நான் உளுந்து வரம்பு கட்டினேன், நெய் ஊற்றினேன், பற்றுப் போட்டேன். எழுத்துப் பலகையை மட்டும் எடுக்கவில்லை. ஒரு நாளும் எடுக்கவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்டேன். அதை ஏட்டில் எழுதிக்கொண்டேன்.

பங்குனியில் செல்வி தனியாக வந்தாள். நோயாளிகள் இருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"அம்மா சொம்புத் தண்ணிய டம்ளருக்கு வெளிய ஊத்துது. ரெண்டு கண்ணும் இல்ல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். வலது கண்ணுல திரை முழுசா உரிஞ்சு வந்திருச்சாம், ஒண்ணும் செய்ய முடியாதாம். இடது கண்ணுல ஆப்பரேசன் பண்ணிப் பாத்தாக. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுமாம். தையிலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாக."

"என்கிட்ட தேவலைன்னுதானம்மா சொன்னாக?"

"என்கிட்ட, அய்யா பாத்துட்டாரு, தேவலைன்னுட்டாருன்னு சொல்லுச்சு. நீங்க, அம்மா தேவலைன்னாகங்கிறீக. அப்ப யாருதான் பாத்தது?"

பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரம் நின்றாள். செல்வி குரல் இறங்கியது.

"கூட்டத்தன்னைக்குக் காலையிலயே வலது கண்ணு போயிருச்சு, இடது கண்ணும் எழுத்துப் படிக்க முடியாம மங்கிருச்சு. அய்யா நாலு பேருக்கு முன்னால அவமானப்பட்டுருவாருன்னு, பஸ்ஸுல வச்சு என்னையப் படிச்சுக் காட்டச் சொல்லி மனப்பாடம் பண்ணுச்சு. கூட்டம் முடியவும் மதுரைக்குப் போவோம்னு சத்தியம் பண்ணுச்சு, அதான் நானும் சொல்லிக் குடுத்தேன். பெறகு கேட்டா, அய்யா கை பட்டுத் தேவலையாயிருச்சுன்னுச்சு. எனக்கும் அதுல பங்கு இருக்கு. ஆனா நீங்க படிச்சவுக. உங்களுக்குமா தெரியல?"

"தெரியலையேம்மா" என்றேன்.

அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அந்த மாதமே வைத்தியசாலையை மூடினேன். வயதாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பேச்சியம்மாள் மட்டும் எதுவும் கேட்கவில்லை, விடைபெறவும் வரவில்லை.

ஆமத்தூருக்குப் போக எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. செல்வி கடைக்குப் போயிருக்கும் பகல் நேரமாகப் பார்த்துப் போனேன். அம்மாள் வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் மெலிந்திருந்தது. குரல் கொடுத்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கய்யா, வாங்க. இம்புட்டு வெயில்ல வந்திருக்கீக. சாப்பிட்டீகளா? அங்கன இன்னொரு நாற்காலி கிடக்கும், இழுத்துப் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அம்மா, அன்னைக்குக் கூட்டத்துல நீங்க படிக்கல, ஒப்பிச்சீகன்னு எனக்கு அப்பவே தெரியும். அதுல வரவேற்பறைன்னு தப்பா அடிச்சிருந்துச்சு. நீங்க வரவேற்புரைன்னீக. தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன். செல்விகிட்டயும் பொய் சொன்னேன்."

அவர் சேலைத் தலைப்பை மடியில் நீவிக்கொண்டிருந்தார்.

"அது தப்பா அடிச்சிருந்தது எனக்கும் தெரியும்யா. செல்வி பஸ்ஸுல படிச்சுக் காட்டயிலயே சிரிச்சா. வரவேற்பறைன்னே சொல்லும்மா, அப்பத்தான் நெசமாப் படிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லித்தான் குடுத்தா."

"பெறகு ஏம்மா மாத்திச் சொன்னீக?"

"எனக்குக் கண்ணு போயிருச்சுன்னு உங்க மொகத்துக்கு நேரா சொல்ல வாய் வரலய்யா. அம்புட்டுப் பாடுபட்டிருந்தீக. மாத்திச் சொன்னா அய்யா கண்டுபிடிச்சிருவாரு. கூட்டத்துல ஒண்ணும் காட்டிக்க மாட்டாரு, முடியவும் தனியாக் கூப்பிட்டு, நீ மதுரைக்குப் போம்மான்னு அவரே சொல்லிருவாருன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க வாசல்ல வச்சுக் கூப்பிட்டதும் அதுக்குத்தான்னு நெனச்சேன். நீங்க, நல்லாத் தெரிஞ்சுதான்னு கேட்டீக. பெறகு நான் என்னத்தச் சொல்ல?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டால் அவர் கொடுத்துவிடுவார். யாருக்கும் எதையும் மறுக்கத் தெரியாதவரிடம் மன்னிப்பு வாங்குவதில் என்ன இருக்கிறது? அதனால்தான் கேட்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். வாழ்நாளில் அவர் ஒருவரிடம் ஒரே ஒரு முறை "இல்லை" என்று சொன்னார், மேடையில் மாற்றிச் சொன்ன அந்த ஒரு சொல்லில், அது என்னிடம், அது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் அந்த முகத்துக்கு எதிரே உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

வெகுநேரம் பேசாமல் இருந்தேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"அய்யா, இருக்கீகளா?"

மூச்சை அடக்கிக்கொண்டேன். நாற்காலி சத்தம் போடாதபடி மெதுவாக எழுந்தேன். வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினேன்.

உள்ளே அவர், நான் இருந்த பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். "வெயில் தாழ இருந்துட்டுப் போங்கய்யா. செல்வி வந்து காப்பி போட்டுத் தருவா."